பதினேழாவது படம்

ஆட்கள் போகும்வரை காத்திருப்பேன்.
எனக்குத் தெரிந்த நுட்பம் அது ஒன்றுதான்.
நாய் இழுக்க இழுக்கப் போகும் ஒருத்தி,
பள்ளி விட்டு வரும் மூன்று பையன்கள்,
ரொட்டி வண்டி,
எல்லாம் கடந்து
தெரு வெறும் தெருவாக மிஞ்சும்போது
ஒரு சொடுக்கு.

கப்பல் துறைக்கு வேலைக்கு வந்தவர்களுக்காக
போர்க்காலத்தில் காகிதத்தில் வரைந்து கட்டிய ஊர்.
வீட்டுக்கொரு தோட்டம், தோட்டத்துக்கொரு செடிவேலி,
நேராகப் போவது பாவம் என்பதுபோல் வளையும் சாலைகள்.
தெருக்களுக்கு மரங்களின் பெயர்.
எல்ம் சாலையில் எல்ம் கிடையாது, நோய் கொண்டுபோயிற்று.
பீச் சந்தில் ஒரு மின்மாற்றிப் பெட்டி,
அதன்மேல் யாரோ எடுத்துவைத்த ஒற்றைக் கையுறை,
தொலைத்தவர் திரும்பி வரக்கூடும் என்று.
அதைத்தான் எடுத்தேன். முதல் படம்.

பிறகு, பொடிக்கல் அப்பிய சாம்பல் சுவர்கள்,
கூட்டுறவுக் கடையின் பின்வாசல்,
பூட்டியே கிடக்கும் கார் கொட்டகைகள்,
துணியில்லாத துணிக்கம்பங்கள்
(இங்கே மழை வருவதில்லை, குடியிருக்கிறது).

கோட்டை பார்க்க வருகிறவர்கள்
இந்த ஊரை ரயிலில் தூங்கியபடி கடக்கிறார்கள்.
குறை சொல்லமாட்டேன்.
காட்டுவதற்கு எங்களிடம் ஒரு கோபுரம்கூட இல்லை.
பத்தொன்பது வருஷம் வீடுவீடாக காஸ் மீட்டர் பார்த்தவள் நான்.
எந்தப் படிக்கட்டின் அடியில் என்ன அடைந்து கிடக்கிறது,
தெரியும்.
வெளிச்சுவரோடு நிறுத்திக்கொள்வேன்.

நூலகத்தில் மாட்டலாம் என்றாள் மோர்வென்.
யார் வருவார்கள்?
மழை பெய்தால் வருவார்கள்.
பெய்தது.

வந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை,
அவரவர் ஜன்னலைத் தேடினார்கள்.
"ஐயோ, என் குப்பைத்தொட்டி!"
என்றாள் திருமதி டால்ரிம்பிள்.
"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே தள்ளியிருப்பேனே."

டூகல்ட் கில்ஃபிலன் தொப்பியைக் கழற்றாமல்
பதினேழாவது படத்தின் முன் நின்றார்.
ரோவன் வளைவு, எண் ஆறு. அவர் வீடு.
சாத்திய கேட், வெட்டாத வேலி,
மாடியில் பட்டப்பகலில் எரியும் ஒரு விளக்கு.

"இது என்றைக்கு எடுத்தது?"

நெகடிவ் உறையில் குறித்திருந்தேன், மீட்டர் எழுதிய கை:
ஆறு வருஷத்துக்கு முன்,
நவம்பர் பதினாறு, காலை பதினொன்று பத்து.
விரல் மடக்கி எண்ணினார்.
எண்ணெய் மேடையில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம்,
அந்தக் கணக்கு.
"நான் கடலில் இருந்தேன்" என்றார்.
பிறகு மூக்கால் ஒரு சிறு சிரிப்பு.

"முப்பத்தொரு வருஷம்.
குளியலறை விளக்கை அணைக்காதவன் நான்தானாம்.
மின்கட்டணம் வரும்போதெல்லாம் விசாரணை வைப்பாள் நெட்டா.
கடைசியில் நானே நம்பிவிட்டேன்."

நெட்டா போன ஈஸ்டருக்கு முந்தைய வாரம் இறந்தாள்.
வழக்கில் ஜெயித்த மனிதர்
யாரிடம் போய்ச் சொல்வதென்று பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியில் வெயில் பட்டிருக்கும்" என்றேன்.

"வெயிலா?
இங்கேயா?
நவம்பரிலா?"

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
இன்னும் கிட்டே போனார்.
"அப்படியானால் நீ தெருவில் நின்றபோது
அவள் உள்ளே இருந்திருக்கிறாள்."

ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றல்லவா
அன்று எடுத்தேன்.

காசு வாங்க மறுத்தேன், அவர் மேசைமேல் வைத்தார்.
செய்தித்தாளில் சுற்றி, கோட்டுக்குள் செருகி,
பொத்தான் போட முடியாமல்
ஒரு கையால் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.
திங்கட்கிழமை மோர்வென் அதில்
பேருந்து நேர அட்டவணையை மாட்டினாள்.