நீலக்கொம்பு

கிண்டி அரங்கில் ஏசி அதிகம்.
என் போஸ்டர் எண் நாற்பத்தாறு,
கழிவறைக்குப் போகும் வழியில்.
அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

"ஆட்டுச் சிறுநீரகச் செல்கள்" என்கிறேன்
ஈரக்கையை உதறியபடி நிற்பவரிடம்.
"எழுபத்து மூன்று முறை பிரித்து வளர்த்தாயிற்று.
இன்னும் பெருகுது சார்."

நாலு வருடம் முன்பு
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில்
விடியுமுன் ஐஸ் பெட்டியோடு நின்றேன்.
சூடாகவே எடுத்துத் தந்தார் நூருல்லா பாய்.
"படிக்கிற புள்ள, காசு வேணாம்."
கொம்பில் நீலச் சாயம்.
கறி அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

பெங்களூர்ப் பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
"கலப்படம் இல்லையே?" என்கிறார்.
சோதனை முடிவைக் காட்டுகிறேன்.
ஆடுதான்.
வேறெதுவும் இல்லை.

மதியம் மட்டன் பிரியாணி.
நானும் வரிசையில் நின்றேன்.
இரண்டு துண்டு.
ருசியாகத்தான் இருந்தது.

பரிசளிப்புக்கு முன்பே நழுவி
தரமணிக்கு ஷேர் ஆட்டோ.
ஞாயிற்றுக்கிழமை,
தீனி மாற்றும் நாள்.
குடுவையைச் சாய்க்கிறேன்.
மஞ்சளித்த நீர் வெளியே,
ரோஸ் நிறத் திரவம் உள்ளே.

நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில்
ஒட்டிக் கிடக்கிறது அது
கொம்பில்லாமல்
கத்தாமல்
பசியோடு.