மியின் சோவின் சர்க்கரை

ஐந்நூற்று நாற்பது என்று அட்டையில்,
ஊ மியின் சோ என்ற பெயருக்கு நேரே.
அது நான்தான், அரசாங்கத்துக்கு.
வீட்டில் மருதையன்.

பசுண்டாங் சந்தையில் மிளகாய் நிறுக்கையில்
தராசு சாய்ந்ததா நானா, தெரியாது.
இரண்டு நாள் எங்கிருந்தேன் என்றும் தெரியாது.
மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடையாம்.
“யார் வாங்கிக் கொடுத்தது?” என்கிறாள் பொன்னழகு,
இன்னும்.

இப்போது வயிற்றைக் கிள்ளிக் குத்திக்கொள்கிறேன்,
காலையில் பன்னிரண்டு, இரவில் எட்டு.
கரண்ட் நினைத்தால் வரும்.
மருந்துக் குப்பி
மீன்கார டோ கின்னின் ஐஸ் பெட்டியில்
பழந்துணி சுற்றி
உல்லம் மீனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.
குத்துமுன் முகர்ந்து பார்ப்பேன்.
இன்றைக்கு இறால்.

டீக்கடைப் பையன் பழக்கத்தில் கத்துகிறான்:
“சோ செய்ன் ஒண்ணு!”
பால் தூக்கலாய், சீனி தூக்கலாய், முப்பது வருஷம்.
வேண்டாமென்று கை தூக்கினேன்.
தூக்கிய கை நடுங்கிற்று.
பிடரி வேர்த்தது. கடைப்பலகைகள் தூரம் போயின.
காலை ஊசி போட்டவன் சோறு மறந்திருக்கிறேன்.

பாதி கிளாஸ், மருந்தாக.
நடுக்கம் நின்றது.

குடித்தது மியின் சோ.
மீதிப் பாதியை
மருதையன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்,
ஈ வந்து விளிம்பில் உட்காரும் வரை.