நான்கு மணிக்குள்

பயணிகளுக்கான தாள் நேற்றிரவே
அறைக் கதவுகளின் அடியில் நுழைந்துவிட்டது:
எரிமலை, ஹெலிகாப்டர், வெனிலாத் தோட்டம்,
ஆமைக்குக் கீரை கொடுக்கலாம், ஆளுக்கு நாற்பது யூரோ.
எங்களுக்குத் தாள் கிடையாது.
சலவை அறைச் சுவரில் ரோமெல்
சாக்கட்டியால் எழுதியிருந்தான்:
சிம், ஷாம்பு, கோழி, நான்கு மணி.
நான்கு மணிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

ரெயூனியன் துறைமுகத்தின் வாசலைத் தாண்டினால்
ஒரு ரவுண்டானா,
அதைத் தாண்டினால் இன்னொன்று.
மாலுமிகள் மன்றத்தில் வைஃபை இலவசம்.
ரோமெல் தன் மகளின் பல் விழுந்த வாயைத்
திரையில் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.
அவனை எழுப்பக் கூடாது.

தனியாகப் போனேன்.
டாக்சிக்காரனின் அட்டையில் ழான்-ஈவ் மர்தாயே.
எங்கள் தெருவில் மருதாயி என்று ஒருத்தி மீன் விற்பாள்.
அதைச் சொல்ல எனக்கு அவன் மொழி இல்லை.
"தமூல்?" என்றான்.
தலையாட்டினேன்.
வாடகையில் ஐந்து யூரோ குறைத்தான்.

மலையைச் செங்குத்தாகச் சீவிய பாதை.
பாறை உருளாதிருக்க இரும்பு வலை,
பிடிபட்டும் இன்னும் சாகாத மீன்போல மலை.
பிறகு சட்டென்று ஒரு பிளவு,
பிளவுக்குள் லா கிராந்த் ஷாலூப்:
கொஞ்சம் வீடுகள், ரயில் வராத ரயில் நிலையம்,
கடல் உள்ளே வரப் பார்த்து
மனம் மாறி நின்றுவிட்ட கூழாங்கல் கரை.
நார்வேயில் கடல் நிஜமாகவே
மலைக்குள் போகுமாம். இரண்டு ஒப்பந்தம் போயிருக்கிறேன்.
பார்த்ததில்லை. சலவை அறை
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

கரையோரக் கடையில் வாங்கித் தந்தான்.
பொம்போன் பிமான் என்றான். கடித்தேன்.
மசால் வடை.
வாதாடவில்லை. இன்னொன்று எடுத்தேன்.

பிறகு அந்தக் கல் கட்டிடம்.
கரும்புக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல்களை
முதலில் இங்கேதான் இறக்கினார்களாம்.
நோய் இல்லை என்று தெரியும்வரை
மலைக்கும் கடலுக்கும் நடுவே
நாளை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும்.
ழான்-ஈவ் தலைமுறைக்கு ஒரு விரலாக மடக்கினான்.
நான்கு மடங்கியது.
ஐந்தாவது பாதியில் நின்றது.

எனக்கு அழுகை வந்திருக்கலாம்.
வந்தது தொழில் கேள்வி:
அவர்கள் துணியை என்ன செய்தார்கள்? யார் துவைத்தது?
சென்ற மாதம் எங்கள் கப்பலில் வாந்தி பரவியபோது
சிவப்புப் பையில் வந்த விரிப்புகளைத் தனியாக,
எழுபத்தொரு பாகையில், இருபத்தைந்து நிமிடம்.
எட்டாம் தளத்துப் பெரியவர்
நான் என்ன குற்றம் செய்தேன் என்று
கதவுக்குள்ளிருந்து கத்தினாராம்.
அவருக்கு வேளாவேளைக்குத் தட்டு போனது,
பாதிக் கட்டணம் திரும்ப வந்தது.
"துணி?" என்று என் சட்டையை இழுத்துக் காட்டினேன்.
அழகாயிருக்கிறது என்று
ழான்-ஈவ் கட்டைவிரலை உயர்த்தினான்.

திரும்பும்போதுதான் பார்த்தேன், கார் டிக்கியின் மேல்
சிவப்பில், முழ நீளத்துக்கு: ஓம் சகதி.
எந்த அச்சகத்தில் உதிர்ந்ததோ அந்தப் புள்ளி.
எத்தனை திருவிழாவுக்கு
சேற்றைத் துதித்துக்கொண்டு
போய் வந்திருக்கிறது இந்தக் கார்.

சட்டைப்பையில் விரிப்புக்கு எண் போடும் பேனா இருந்தது.
குனிந்து 'க'வின் தலையில் ஒன்று வைத்தேன்.
சிவப்பு எழுத்து, கறுப்புப் புள்ளி.
கிறுக்கிவிட்டேனோ என்று அவன் முகம் சுருங்கியது.
விரல் வைத்து "சக்தி" என்றேன்.
"சக்தி" என்றான், இதிலென்ன என்பதுபோல்.
அவன் எப்போதும்
அப்படித்தான் வாசித்து வந்திருக்கிறான்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு வாசலில் விட்டான்.
சிம் வாங்கவில்லை. ஷாம்பு வாங்கவில்லை.
ரோமெலுக்கு எண்ணெய்த் தாளில் நான்கு வடை.

தொண்ணூறு பாகை வரை போகாது
என்று பேனாவின் உடம்பில் எழுதியிருக்கிறது.
உப்புக் காற்றைப் பற்றி
ஒன்றும் எழுதவில்லை.