அஷ்டமி, நவமி

முதல் பெட்டி கேட்டது:
திட்டத்தின் பயனாளிகள் யார்?
இருநூறு சொற்களுக்குள்.

சின்னப்பாலம் என்று தொடங்கினேன்.
ஐந்து வயதுக்குட்பட்டோர் நூற்றுப் பதினேழு என்று எழுதி
அழித்து
நூற்றுப் பதினெட்டு என்று திருத்தினேன்:
நேற்றிரவு ஜெரோன்சிக்குப் பெண் குழந்தை,
இரண்டு கிலோ நூறு.

மருந்துக்கு இல்லை இந்தப் பணம்.
ஊசிக்கு இல்லை, சத்துமாவுக்கு இல்லை.
திட்டமிட மட்டும்.
கேட்டுவிட்டு நம்புலெட்சுமி
பாசிப்பையை உதறிக்கொண்டே சொன்னாள்:
"யோசிக்கிறதுக்கே காசா டாக்டரம்மா?
அப்ப எனக்கு எம்புட்டுப் பாக்கி இருக்கும்!"

அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தது.
பாறையில் பாசி பறிக்கிற பத்து விரலுக்கும்
பழைய சேலையின் பத்துக் கிழிசல்.
அவள் மகனை நிறுக்க வேண்டும்.
என் தராசின் பேட்டரி
உப்புக்காற்றில் பச்சை பூத்துச் செத்திருந்தது.
நண்டு கம்பெனிக்குத் தூக்கிப் போனோம்.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கணக்கர் சீனிக்காதர்
கூடையைக் கழுவி, முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தி,
"நண்டுன்னா பத்து கிராம் விட மாட்டோம்" என்றார்
பெருமையாய்.

இரண்டரை வயது நம்புச்செல்வம்
ஒன்பது கிலோ நூற்று எழுபது.
அவன் அழவில்லை.
கழுவியும் போகாத ஒரு நண்டுக்காலைக்
கூடையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான்.
சீனிக்காதர் சிட்டையில் எடையை எழுதி
விலைக்கான கட்டத்தில் பேனாவை வைத்து
ஒரு நொடி நின்று
கோடு போட்டார்.

மூன்றாம் பெட்டி: இடைவெளிகள் யாவை?
தாய்மார் கிளம்புவது விடியல் ஐந்துக்கு.
அங்கன்வாடி திறப்பது பத்துக்கு.
இடையில் ஐந்து மணி நேரம்
ஏழு வயதுக்காரி ஒருத்தி மூன்று பேருக்கு அம்மா.

நான்காவது, கால அட்டவணை.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், தாய்மார் கூட்டம்
என்று முன்பே எழுதி வைத்திருந்தேன்.
முதல் கூட்டத்துக்குக்
கோயில் வாசலில் நானும் நர்ஸ் புஷ்பராணியும்
ஓர் ஆடும் இருந்தோம்.
தாய்மார் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார்கள்.

"அமாவாசையை ஒட்டி வந்தா யாரு இருப்பா?
தண்ணி வத்துற நாளு எங்களுக்குக் கடலு.
அட்டமி நவமில வாங்க.
அன்னைக்குத் தண்ணி வத்தவும் வத்தாது, ஏறவும் ஏறாது.
நாங்க வீட்டுலதான் கெடப்போம்."

பரமக்குடியில் என் கிளினிக்கை
நவமி கழியட்டும் என்று
இரண்டு நாள் பூட்டிவைத்துத் திறந்தார்கள்.
யாரும் எதையும் தொடங்காத நாட்கள்
இங்கே சும்மா கிடந்தன,
மாதத்துக்கு நான்கு.

படிவத்தில் தேதி ஏறும், திதி ஏறாது.
தினசரிக் காலண்டரைப் புரட்டிப் புரட்டி
நாற்பத்தொன்பது தேதி பொறுக்கினோம்.
சில புதன், சில ஞாயிறு, தீபாவளிக்கு மறுவாரம் ஒன்று.
எந்த ஒழுங்கும் இல்லை.
சென்னையிலோ டெல்லியிலோ ஒரு மதிப்பீட்டாளர்
புருவம் தூக்குவார்.
அடிக்குறிப்பில் "நிலவைப் பொறுத்தது" என்றெழுதி
கவிதை மாதிரி இருக்கிறதே என்று பயந்து
"ஓதத்தைப் பொறுத்தது" என்று மாற்றினேன்.

செலவுகள்: பயணம், புஷ்பராணிக்குப் படி, தேநீர்.
"ஆலோசகர் கட்டணம்" என்ற வரியில்
நம்புலெட்சுமி பெயரைப் போட்டேன்.
தகுதி கேட்டது. ஐந்தாம் வகுப்பு.
அனுபவம் கேட்டது. பதினேழு ஆண்டு, நீருக்கடியில்.

கடைசிப் பெட்டி:
நிதி முடிந்தபின் இத்திட்டம் எவ்வாறு தொடரும்?
மணி பதினொன்று முப்பத்தெட்டு.
பன்னிரண்டுக்குக் கதவடைப்பு.
கச்சான் அடித்து இணையம் வந்து வந்து போனது.
எழுதினேன்:
அதற்கடுத்தும் அஷ்டமி வரும்.

சிவப்பெழுத்தில் பதில்:
குறைந்தது ஐம்பது சொற்கள்.

இன்னும் நாற்பத்தேழு.
கோட்டுப் பைக்குள்
நண்டுக்கால் நாறிக்கொண்டிருந்தது.