இரண்டாம் ஞாயிறு, கணக்கெடுப்பு

மண்டபத்தில் லிகோரியின் தட்டச்சுப் பள்ளி.
மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை
மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டுவிட்டு
சுவரில் வெள்ளை வேட்டி கட்டுவோம், திரைக்கு.
சங்கம் என்றால் பதிவு எண் கேட்பார்கள்,
அதனால் வட்டம்.
ஆள் பதினொன்று. பைனாகுலர் நான்கு,
அதில் ஒன்றுக்கு வலது கண் கிடையாது.

இம்முறை பேசியவர் சேகு மதார்,
கீழக்கரை, கூட்டுறவு வங்கிக் காசாளர்.
பொருள்: நண்டுதின்னி.
மணலுக்குள் வளை தோண்டும், ஒரே முட்டை,
பாதி அடையை வெயிலே காத்துவிடும் என்றார்.
வேட்டியின் மடிப்பில் பறவைக்கு இடுப்பு ஒடிந்திருந்தது.
அலகைப் பற்றி மட்டும் இருபது நிமிடம்.
வடை வந்தது, நிறுத்தவில்லை.

தில்லைபாக்கியம்தான் கேட்டது:
"சார், நீங்க இத எங்க பாத்தீக?"

சேகு மதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பாத்ததில்லம்மா.
பதினாலு வருசமாப் போயிட்டுத்தான் இருக்கேன்."

மறுநாள் நாலரைக்கு வேன்.
பாம்பன் பாலத்தில் எல்லோரும் தூங்கினோம்.
தனுஷ்கோடி சாலையில் விடிந்தது.
வாடைக்காற்றில் பெண்கடல் இரைந்துகொண்டிருந்தது.
ஆண்கடல் தெப்பக்குளமாகக் கிடந்தது.
தை மாதத்தில் இப்படித்தான்,
பெயர் வைத்தவர்கள் ஆடியில் வந்திருப்பார்கள்.

பூநாரை: நான் இருநூற்றுப் பன்னிரண்டு,
டெல்பின் இருநூற்றெட்டு.
வித்தியாசம் நாலும் தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தன என்றேன்.
தலை இல்லாவிட்டாலும் கால் இருக்குமே என்றாள்.
சின்ன உள்ளான்களை எண்ணுவது
சிந்திய அரிசியை எண்ணுவது.
ஒரு பிடி எண்ணு, பிறகு பிடிகளை எண்ணு,
அதற்குள் அரிசி பறந்துவிடும்.

ஏழு நாற்பத்திரண்டு.
மணல்திட்டில் கடற்காகக் கூட்டம்.
டெல்பின் கத்தவில்லை.
துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையை மட்டும் நீட்டினாள்.

கறுப்பும் வெள்ளையும். தடித்த அலகு.
கைமாறிக் கைமாறி மூன்று பைனாகுலரும் சூடேறின.
வலது கண் இல்லாததில்கூடத் தெரிந்தது.

நாலாவது பைனாகுலர், நல்லது,
சேகு மதாருடையது,
சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.
நாமக்கல்லிலிருந்து வந்த பஸ் நின்றிருக்கிறது.
அண்ணே, இதுல இலங்கை தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.
இல்லை என்று சொல்லத் தெரியாத மனுசன்
ஒவ்வொருவர் கண்ணுக்கும் திருகித் திருகிச் சரிசெய்து
வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் பறந்துவிடும்.
லிகோரி ஓடினார்.
ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது.
கடற்காகங்கள் எழுந்தன, அதுவும் எழுந்தது.

"என்ன, எல்லாரும் பேசாம நிக்கிறீக?"

தில்லைபாக்கியம் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தது.
நான்தான் சொன்னேன்.
அவர் கொஞ்ச நேரம் திட்டையே பார்த்தார்,
பிறகு, "அலகு எப்படி இருந்துச்சு?"

நேற்று அவர் சொன்ன சொற்களையே
ஒவ்வொருவராக அவருக்குத் திருப்பிச் சொன்னோம்.
வேறு சொல் எங்களிடம் இல்லை.
தலையாட்டினார், பாடம் ஒப்பிக்கக் கேட்பதுபோல.
டெல்பின் மட்டும்
"ஒத்தக் கால்ல நின்னு தல சொறிஞ்சுச்சு சார்" என்றாள்.
அவர் பேனாவைத் தேடினார்.

பஸ் கிளம்பும் முன்
படிக்கட்டில் நின்ற பையனிடம் கேட்டேன்,
இலங்கை தெரிஞ்சுதா தம்பி?
"தெரியலண்ணா.
கறுப்புக் கோட்டு போட்ட கொக்கு ஒண்ணு நின்னுச்சு."

இதை நான் சேகு மதாரிடம் சொல்லவில்லை.
பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்:
நண்டுதின்னி, 1. பார்த்தோர், 10.
விதிப்படி, உறுப்பினர் அல்லாதவர் பார்த்தது சேராது.
ஆனால் பைனாகுலர் உறுப்பினருடையது.
பத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.
காசாளர், மாதக் கடைசியில்
எல்லாக் கணக்கையும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்பார்.

அடுத்த மாதம்: கடல் அட்டை. பேச்சு: லிகோரி.
அவர் நிறையப் பார்த்தவர்,
ஆகவே நீளும்.
வேட்டியை இஸ்திரி போட்டுக் கொண்டுவருவது: நான்.