சாயம் ஏறாதது

குத்தாய்சி நகரத்தில் செப்டம்பர் மாதம்
பள்ளிப் பிள்ளைகளின் விரல்கள் கறுத்திருந்தால்
யாரும் கேட்பதில்லை.
அக்ரூட் உரிக்கிற பருவம்.
ஐம்பத்தேழு வயதில் முடிவெட்டுகிறவனுக்குக் கறுத்தால்
கேட்கிறார்கள்.
"யார் தலைக்கு மை அடித்தாய், ஜும்பெர்?"
என் சட்டைக்கு என்றேன்.
சிரித்துவிட்டுக் கழுத்தை நீட்டினார்கள்.

நடந்தது இதுதான்.
மைத்துனன் தோட்டத்துத் திராட்சை அறுவடை விருந்து.
பன்னிரண்டாவது வாழ்த்துரையில் ஒருவன் கையை வீச
கோப்பை கவிழ்ந்தது,
என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில்,
இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராக.
சுட்டுவிட்டார்களா என்றான் எதிரில் இருந்தவன்.
பதின்மூன்றாவது வாழ்த்துரை அந்தக் கறைக்கு.

உப்புப் போட்டேன். எலுமிச்சை தேய்த்தேன்.
சிவப்பு ஊதாவாகி, ஊதா சாம்பலாகி
குடிவந்த இடத்திலேயே இருந்தது.
கறையைப் போக்க முடியாதவன்
சட்டை முழுவதையும் கறையாக்கிவிடலாம்.
இது எனக்கு இரண்டு மணிக்குத் தோன்றியது,
இரவு.

சந்தையில் ஜுஜுனா
உரித்துப் போட்ட பச்சைத் தோலை
இரண்டு பை நிறையத் தந்தாள். காசு வேண்டாமாம்,
குப்பை அள்ளுகிறவனுக்குக் கொடுப்பது மிச்சமாம்.
பால்கனியில் மூன்று நாள் ஊறியது.
தண்ணீர் முதலில் தேநீர்,
பிறகு காப்பி,
பிறகு பெயர் சொல்ல முடியாத ஒன்று.
மேல்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கொதிக்கவைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும்.
வீட்டில் ஒன்றுதான் பெரிது.
அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடையில் நான் பூசுகிற சாயத்துக்கு முப்பத்தைந்து நிமிடம்.
பெட்டியிலேயே எழுதியிருக்கும்.
இதற்கு எழுத்தும் இல்லை, பெட்டியும் இல்லை.
அகப்பைக் காம்பால் தூக்கிப் பார்ப்பேன்,
போதாது, அமுக்குவேன்.
மழை வந்தது, நின்றது. செய்தி முடிந்தது.
மறுபடி தூக்கினேன்.
சட்டை கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது,
ஆற்றிலிருந்து இழுத்த ஆள்போல.

காலையில் காய்ந்திருந்தது.
உழுத மண்ணின் பழுப்பு.
கறை எங்கே? தடவிப் பார்த்தும் தெரியவில்லை.
ஆனால் தையல்!
காலர் ஓரம், பையின் விளிம்பு, பொத்தான் துளைகள்
எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று
நூல் பிடித்தாற்போல் ஓடியது கோடு.
துணி பருத்தி, நூல் பாலியஸ்டர்.
ஐந்து மணி நேரம் மூழ்கிக் கிடந்தும்
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

வலது அக்குளுக்குக் கீழே
எந்திரம் போடாத தையல் ஒன்று.
வளைந்து திரும்பும் எறும்புச் சாரை.
எண்ணினேன், பத்தொன்பது.
அந்த இடம் கிழிந்ததே எனக்குத் தெரியாது.
வெள்ளையில் வெள்ளையாக
இரண்டு வருடம் நாலு மாதம் என் விலாவோடு இருந்திருக்கிறது.

எத்தெரி இத்தாலிக்குப் போயும் அவ்வளவுதான் ஆகிறது.
பாரி நகரத்தில் நடக்க முடியாத ஒருவரைக்
குளிப்பாட்டுகிறாள், சோறூட்டுகிறாள்,
மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறாள்.
போவதற்கு முந்தைய வாரம்
நான் அவளோடு பேசவில்லை.
இரவில் சமையலறை விளக்கு எரியும்.
பெட்டி கட்டுகிறாள் என்று
சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

சாயம் வெளுத்தால் குட்டு உடையும் என்பார்கள்.
எனக்குச் சாயம் ஏறி உடைந்தது.

படம் எடுத்து அனுப்பினேன்.
அந்தப் பெரியவர் தூங்கும் மூன்று மணிக்குப் பதில் வந்தது:
"இஸ்திரி போடும்போது கதவுக் கொண்டியில் மாட்டிக் கிழித்துவிட்டேன்.
நீதான் அப்போது பேசவில்லையே,
யாரிடம் சொல்வது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.

"படத்தில் பின்னால், அடுப்பின் மேல் இருப்பது
என்னுடைய செம்பு ஜாம் பானையா?"

இன்னும் பதில் போடவில்லை.
உப்பும் எலுமிச்சையும் போட்டுத்
தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.