ஒரு நூல் விட்டு

வால்டிவியாவில் பதினோராவது நாளாக மழை.
படிக்கட்டுத் திருப்பத்தில்
கண்ணாடியைச் சாய்த்து வளைக்கும்போது
யோசெலின் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
என்னைப் பார்த்துவிட்டு மன்னிப்பும் கேட்டாள்.
இரண்டு மீட்டர் பத்து நீளம், ஆறு மில்லி கனம்,
முதுகில் மட்டும் வண்ணம்.
வாசலில் அதற்கு,
முறுக்கிக்கொண்டு வந்த சம்பந்திக்கு விடுவதுபோல
எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம்.

வெள்ளைதான் கேட்டிருந்தேன்.
இரும்பு குறைந்த கண்ணாடி இருக்கிறது,
இன்னும் கொஞ்சம் போட்டால்... என்று
நிபால்டோ இழுத்தபோது
வெள்ளை வெள்ளைதானே என்று வெட்டினேன்.
இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் அது
வெள்ளரிக்காய் ஊறிய தண்ணீர்.
ஓரத்தில் கண் வைத்துப் பார்த்தால் ஆறே ஓடுகிறது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதற்கும்
கூலியில் இடம் இருக்கவேண்டும்.

பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்தோம்.
இடது ஓரம் சரி.
அலமாரியின் அடி சரி.
பிளக்குக்காகத் துளைத்த சதுரத்தில்
பிளக்கைக் காணோம்,
பழைய எண்ணெய்ப் பிசுக்கோடு
சுவர் எட்டிப்பார்த்தது.

அளவுச் சீட்டை மடிப்புப் பிரித்தார்.
என் கையெழுத்து.
அன்று ஒரு கையில் டேப், தோளில் போன்,
போனில் தம்பி ரெனாட்டோ,
அம்மாவின் வீட்டில் அவன் பாகத்தை
எப்போது பிரிப்பது என்று.
முப்பத்தொன்று என்று நான் எழுதியதை
பட்டறையில் முப்பத்தேழாகப் படித்திருக்கிறார்கள்.
என் ஒன்றுக்கு ஒரு மூக்கு உண்டு.
பள்ளியிலேயே அடி வாங்கிய மூக்கு.

கொஞ்சம் வெட்டிக்கொள்ள முடியாதா?
நெருப்பில் போய் வந்தது, என்றார் நிபால்டோ.
இனி எதையும் கேட்காது.
கத்தி வைத்தால் கல்லுப்பாகக் கொட்டிவிடும்.

யோசெலின் பென்சிலைக் காதில் செருகினாள்.
கண்ணாடி நகராது.
சுவரை நகர்த்துவோம்.

மெயினை அணைத்தோம்.
ஆறு சென்டிமீட்டர் தள்ளிப்
பலகையில் புதிதாக ஒரு வாய் திறந்தாள்.
பழைய மரத்தூள் அடுப்புமேல் விழுந்தது,
பெரிய நடுக்கத்துக்கு முன்பே அறுத்த மரம்,
இன்னும் பிசின் வாசனை.
கம்பி, நல்லவேளை, உள்ளே சுருண்டு மிச்சம் இருந்தது.
யார் விட்டுவைத்த மிச்சமோ.

புளித்த வாடை அடிக்கிற பசை வண்ணத்தைத் தின்றுவிடுமாம்.
வாடையில்லாத பசையைப்
பொட்டுப் பொட்டாக வைத்தார்கள்.
மூன்று என்றதும் மூவரும் அழுத்தினோம்.
என் உள்ளங்கை அதில் பதிந்து
மெதுவாக ஆவியாகி மறைந்தது.

மேடைக்கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு நூல் இடம் விட்டிருந்தார்.
எதற்கு என்றேன்.
நிலம் புரண்டு படுத்தால்
இடிபடாமல் இருக்க, என்றார்.
பிறகு அந்த நூலையும்
மெத்தென்ற பசையால் மூடிவிட்டார்.

போய்விட்டார்கள். நீல டேப் பட்டைகள்
காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோலக் குறுக்கே.
பின்னால், இனி யாரும் பார்க்காத இடத்தில்,
பழைய ஓட்டை,
அதன் பக்கத்தில் சுவரிலேயே அன்று நான் கிறுக்கிய
இன்னொரு மூக்குள்ள ஒன்று.

எட்டரைக்கு ரெனாட்டோ கூப்பிட்டான்.
வேலை முடிந்ததா, இனியாவது அதைப் பேசலாமா.
இருபத்துநாலு மணிநேரம்
எதையும் தொடக்கூடாது என்று
சொல்லியிருக்கிறார்கள், என்றேன்.
கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது,
அவன் பக்கத்திலும்.

என்ன நிறம் போட்டாய்?

வெள்ளை, என்றேன்.